மறுநாள் கிளாஸில் நின்ற ஸின்ஃபண்டல்கள்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில், பால் கேனை ஒட்டி, பாதி குடித்த ஒயின் பாட்டில் ஒன்று எப்போதும் இருக்கும். அதன் கழுத்தில் ஒரு துண்டு டேப், டேப்பில் திறந்த தேதி. "மருந்து பாட்டில் மாதிரி இருக்கு" என்பாள் மனைவி. ஆனால் இந்த வருடம் எனக்குப் பிடித்த ஸின்ஃபண்டல் (அந்தப் பெயர்கொண்ட கறுப்புத் திராட்சையில் செய்யும் சிவப்பு ஒயின்) எது என்று முடிவானது அந்த டேப்பால்தான்.

நாங்கள் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் இருக்கும் ஐந்து நண்பர்கள். மாதக் கடைசி சனிக்கிழமை யார் வீட்டிலாவது கூடுவோம். ஆளுக்கு ஒரு பாட்டில், காகிதப் பைக்குள். ருசித்து மார்க் போட்ட பிறகுதான் பையை எடுக்க வேண்டும். இந்த வருடம் கலிஃபோர்னியா ஸின்ஃபண்டல் மட்டும் என்று ஜனவரியில் பேசிவைத்தோம். டிசம்பரில் ஒவ்வொருவரும் மூன்று பெயர் சொல்ல வேண்டும். (எங்களுக்குள் சுருக்கமாக ஸின். கொஞ்சம் அழுத்திச் சொன்னால் ஜின் என்று காதில் விழுந்து வேறு பாட்டில் வந்துவிடும்.)

மேஜையில் எது ஜெயிக்கும் என்பது மார்ச் மாதத்துக்குள் பிடிபட்டுவிட்டது. ஆல்கஹால் 15.5, 16 சதவீதம் என்று போகிற, ஜாம் மாதிரி இனிக்கிற ஒயின்தான். ஐந்து கிளாஸை வரிசையாக வைத்து ஆளுக்கு இரண்டு வாய் குடிக்கும்போது, நாலு பேர் சாதாரணமாகப் பேசும் அறையில் ஒருவர் மைக் பிடித்த கதைதான். நானும் அதற்கே மார்க் போட்டேன். மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துவந்து ஞாயிறு இரவு ஊற்றினேன். பழ வாசனையைக் காணோம். ஓக் பீப்பாயின் வெனிலாவும், மூக்கைக் குத்தும் ஸ்பிரிட் நெடியும்தான் மிச்சம். அதே இரவு நான் மூன்றாம் இடம் கொடுத்திருந்த பாட்டிலோ முந்தின நாளைவிட நன்றாக இருந்தது. அன்றிலிருந்து மிச்சம் இருக்கும் பாட்டிலையெல்லாம் கெஞ்சி வாங்கிவந்து டேப் ஒட்ட ஆரம்பித்தேன்.

ஸின்னில் ஆல்கஹால் ஏன் இவ்வளவு ஏறுகிறது என்று புத்தகத்தில் படித்திருந்தேன். நேரில் பார்த்தது செப்டம்பரில், சோனோமாவின் டிரை கிரீக் பள்ளத்தாக்கில். வயதான கொடிகளுக்குக் கம்பிப் பந்தல் எதுவும் கிடையாது. முறுக்கேறிய குட்டை அடிமரம், அதிலிருந்து கிண்ணம்போல நாலைந்து கிளைகள், அவ்வளவுதான். ஒரு குலையைக் கையில் ஏந்திப் பார்த்தேன். மேலே கறுத்துப் பழுத்தவை, நடுவில் இன்னும் செக்கச்செவேல் என்று புளிப்பவை, உள்ளே ஒளிந்த இரண்டு மூன்று பச்சைக் காய்கள், தோள்பக்கம் சுருங்கி உலர்திராட்சையே ஆகிவிட்டவை. எல்லாம் ஒரே குலையில்! பச்சை பழுக்கட்டும் என்று காத்திருந்தால் பழுத்தது வற்றிவிடும். வற்றிய பழம் நொதிக்கும்போது ஊறி, உள்ளே இருக்கும் சர்க்கரையைத் தாமதமாக விடும். அதுவும் ஆல்கஹாலாகும். அதனால்தான் சில ஒயின் தயாரிப்பாளர்கள் நொதிக்கும் சாற்றில் கொஞ்சம் தண்ணீர் சேர்க்கிறார்கள். பெரும்பாலோர் இதை வெளியே சொல்வதில்லை. 2011 அறுவடையிலிருந்து பாட்டிலின் பின்பக்கம் என்னென்ன சேர்த்தோம் என்று அச்சிடும் ரிட்ஜ் நிறுவனம், தண்ணீர் விட்டிருந்தால் அதையும் எழுதிவிடுகிறது. எனக்கு அந்த நேர்மை பிடித்தது.

லேபிளில் போட்டிருக்கும் சதவீதத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். அமெரிக்க விதிப்படி 14-க்கு மேல் போன ஒயினில் ஒரு சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம். 15 என்று போட்டிருப்பது 16 ஆகவும் இருக்கலாம். இரண்டாவது கிளாஸில் காது சூடானால் காரணம் அதுவாக இருக்கும்.

சரி, என் மூன்று பெயர்களுக்கு வருகிறேன்.

முதலிடம் ரிட்ஜின் லிட்டன் ஸ்பிரிங்ஸ். இதை ஸின்ஃபண்டல் என்று லேபிளில் எழுதவே மாட்டார்கள். ஒரு திராட்சை வகையின் பெயரைப் போட வேண்டுமானால் அந்த வகை 75 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது விதி. இதில் பல வருடங்களில் ஸின் அந்த அளவை எட்டுவதில்லை. மிச்சம் பெடீட் சிரா, காரின்யான் போன்ற வேறு திராட்சை வகைகள். நூறு வருடத்துக்கு முன்பு நட்டவர்கள் எல்லாவற்றையும் கலந்தே நட்டார்கள், கலந்தே பறித்தார்கள், ஒரே தொட்டியில் போட்டார்கள். ஸின் பழ வாசனை தரும், பெடீட் சிரா கறுப்பும் துவர்ப்பும் தரும், காரின்யான் புளிப்பு தரும். சாம்பாருக்குப் பருப்பு, புளி, காய் என்று யோசித்துச் சேர்ப்பதுபோலத் தோட்டத்திலேயே கலவை தயார்.

என் டேப் குறிப்பு இப்படி இருக்கிறது. முதல் நாள்: "இறுக்கம், மிளகு, கொஞ்சம் முறைப்பு." இரண்டாம் நாள்: "ராஸ்பெர்ரி திறந்துவிட்டது, நாக்கு நாவல்பழம் தின்ற மாதிரி." மூன்றாம் நாள்: "இன்னும் நிற்கிறது!!" அந்த இரண்டு ஆச்சரியக்குறிகளை வருடம் முழுக்க வேறு எதற்கும் போடவில்லை. மேஜையில் இது வாங்கியது நாலாம் இடம்.

இரண்டாவது, டிரை கிரீக்கில் நாலே (Nalle) என்ற பெயர்கொண்ட குடும்பத்தின் ஸின். ஆல்கஹாலை 14-க்கு உள்ளேயே வைத்திருப்பதில் பிடிவாதக்காரர்கள். கிளாஸில் ஊற்றியதும் நிறமே வெளிறியிருக்கும். "இது ஸின்னே இல்லை, யாரோ பினோ கொண்டுவந்து ஏமாற்றுகிறார்கள்" என்று (பினோ நிறம் குறைந்த வேறொரு சிவப்பு ஒயின்) எங்களில் ஒருவர் சத்தியம் செய்தார். பையை எடுத்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இரவுச் சாப்பாட்டோடு முழு பாட்டிலையும் இரண்டு பேர் முடித்துவிட்டுப் பாத்திரம் கழுவும் தெம்போடு எழுந்திருக்கக்கூடிய ஸின், நான் குடித்தவரை இது ஒன்றுதான். மூன்றாம் நாள் கொஞ்சம் வாடியது. அதனால் இரண்டாமிடம்.

மூன்றாவது, பெட்ராக் நிறுவனத்தின் ஓல்டு வைன் ஸின்ஃபண்டல். பல பழைய தோட்டங்களின் திராட்சையைக் கலந்து செய்யும் பாட்டில். அவர்களுடைய சோனோமா தோட்டத்தில் 1888-இல் நட்ட கொடிகள் இன்னும் காய்க்கின்றன. ஆனால் ஒன்று: "ஓல்டு வைன்" என்ற சொல்லுக்கு அமெரிக்காவில் சட்டப்படி வரையறை இல்லை. நாற்பது வயதுக் கொடிக்கும் போடலாம், நூற்றிருபதுக்கும் போடலாம். இந்தச் சொல்லை நம்பிக் கடை அலமாரியிலிருந்து எடுத்த இரண்டு பாட்டில்கள் மறுநாள் நேராக சிங்க்குக்குப் போயின.

பட்டியலில் இடம் தவறியது டர்லி நிறுவனத்தின் ஜுவனைல் என்ற ஸின். பழைய தோட்டங்களில் பட்டுப்போன கொடிகளுக்குப் பதிலாக நட்ட இளங்கொடிகளின் பழத்தில் செய்வது. துறுதுறு என்று இருந்தது, ஆனால் முதல் இரவே தீர்ந்துபோனது. மறுநாள் தேர்வு எழுதாதவருக்கு மார்க் எப்படிப் போடுவது? லோடை பகுதியின் 20 டாலருக்குள்ளான ஒன்றும் நன்றாகவே இருந்தது. அங்கே மணல் நிலம் என்பதால் வேர்ப்பேன் பூச்சி தாக்காமல், ஒட்டுக் கட்டாத சொந்த வேரிலேயே நிற்கும் கிழட்டுக் கொடிகள் உண்டு. அமாடோர் பகுதி ஸின்களில் எனக்கு வெயில் ருசி அதிகம்.

ஜூலையில் ஒரு நஷ்டம். அரை டஜன் பாட்டில் வரவழைத்திருந்தேன். டெலிவரி செய்தவர் மதியம் வாசலில் வெயிலிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மாலையில் வந்து பார்த்தால் இரண்டு பாட்டிலில் கார்க் அரை விரல் வெளியே துருத்திக்கொண்டு, கழுத்தோரம் பிசுபிசுப்பு. திறந்தால் கொதிக்கவைத்த ப்ளம் பழ வாசனை. இப்போதெல்லாம் மே முதல் அக்டோபர் வரை எதையும் வரவழைப்பதில்லை.

ஆகஸ்டில் ஒருவர் விஷமமாக இளஞ்சிவப்பு வொயிட் ஸின்ஃபண்டல் கொண்டுவந்தார். எல்லோரும் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது. 1970-களில் சட்டர் ஹோம் என்ற ஒயின் நிறுவனத்தில் ஒரு தொட்டி நொதிப்பு பாதியில் நின்று, சர்க்கரை தங்கிப்போன அந்த இனிப்பு ஒயின் விற்ற வேகத்தில்தான், பிடுங்கி எறியவிருந்த எத்தனையோ ஸின் கொடிகளுக்கு வேலை கிடைத்தது. நன்றியோடு அரை கிளாஸ் குடித்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

இன்னொரு மாதம் விதியை மீறி இத்தாலியின் பூலியாவிலிருந்து ஒரு ப்ரிமிட்டிவோ வந்தது. ஸின்னும் அதுவும் மரபணுப்படி ஒரே கொடி. இரண்டுமே குரோஷியக் கடற்கரையின் ஒரு பழைய கொடிதான் என்பது 2001-இல் டேவிஸ் பல்கலைக்கழகத்தின் கேரல் மெரிடித்தும் சாக்ரெப் ஆய்வாளர்களும் சேர்ந்து கண்டுபிடித்தது. எங்கள் மேஜையில் ஐந்து பேரில் ஒருவர்கூட அது கலிஃபோர்னியா இல்லை என்று சொல்லவில்லை.

குடிக்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். அறைச் சூட்டில் குடிக்காதீர்கள். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, 16 டிகிரி வாக்கில் எடுத்தால் ஸ்பிரிட் நெடி அடங்கிப் பழம் மேலே வரும். அப்புறம், ஆல்கஹால் அதிகமான ஸின்னும் மிளகாய்க் காரமும் சேர்ந்தால் வாய் எரியும். மிளகுக் காரம் பரவாயில்லை.

டிசம்பர் கூட்டத்தில் என் மூன்று பெயரையும் கேட்டு மற்ற நாலு பேரும் உதட்டைப் பிதுக்கினார்கள். அவர்கள் பட்டியலில் 15.5-க்குக் குறைந்து ஒன்றுமில்லை. நான் வாதாடவில்லை. மேஜையில் மிச்சமிருந்த பாட்டில்களை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, டேப் இருக்கிறதா என்று அந்த வீட்டு நண்பரிடம் கேட்டேன்.