ஜெனிசிஸா, ஸ்டீவ் ஹாக்கெட்டா: பழைய பாடல்களை எங்கே போய்க் கேட்பது?

2021-22இல் இங்கிலாந்தில் இருந்த பிரிட்டிஷ் ராக் குழுவான ஜெனிசிஸின் ரசிகர்களுக்கு யோகம்தான். டோனி பேங்க்ஸ், மைக் ரூதர்ஃபோர்ட், ஃபில் காலின்ஸ் மூவரும் கடைசியாகச் சேர்ந்து நடத்திய சுற்றுப்பயணம் ஒரு பக்கம். 1971 முதல் 1977 வரை அவர்களுடைய கிட்டாரிஸ்டாக இருந்த ஸ்டீவ் ஹாக்கெட், தன் சொந்தக் குழுவோடு ஜெனிசிஸின் ‘செகண்ட்ஸ் அவுட்’ நேரடி ஆல்பத்தை முழுதாக வாசித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனது மறுபக்கம். இரண்டுக்கும் போனேன். ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் யோசிக்காமல் ஹாக்கெட் என்பேன்.

டிக்கெட் விலை, கூட்டம், நிகழ்ச்சி முடிந்து ரயிலைப் பிடிக்கிற பாடு எல்லாவற்றிலும் ஹாக்கெட்டுக்குத்தான் வெற்றி. லண்டன் ஓ2 அரங்கில் 20,000 பேர். மான்செஸ்டர் அப்பல்லோவில் 3,500 பேர். இதில் விளக்க ஒன்றுமில்லை.

எனக்கு முக்கியம், பாட்டு முழுசாக வருகிறதா என்பது. ஜெனிசிஸ் மேடையில் 70களின் பாடல்கள் பெரும்பாலும் துண்டுகளாகவே வந்தன. ‘ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்’தின் கருவியிசைப் பகுதி மட்டும் ஒலித்து, அப்படியே வேறொரு பாட்டுக்குள் கலந்துவிட்டது. ‘சப்பர்ஸ் ரெடி’ பட்டியலிலேயே இல்லை. வந்தவர்களில் பலருக்கு 80களின் பாடல்கள்தான் உயிர். அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஹாக்கெட் முழுசாக வாசித்த ‘சப்பர்ஸ் ரெடி’ 23 நிமிடம், ஏழு பகுதிகள். கடைசிக்குச் சற்று முன்பு, 9/8 தாளத்தில் பேஸும் டிரம்ஸும் விடாமல் இடித்துக்கொண்டிருக்க, மேலே கீபோர்டு ஏறிக்கொண்டே போகும். அதன் உச்சியில் பாட்டின் தொடக்க மெட்டு பெரிதாகத் திரும்பி வரும். அந்தத் தொடக்கத்தைச் சுமார் இருபது நிமிடத்துக்கு முன்னால் அதே இருக்கையில் கேட்டிருந்தால்தான் உடம்பு சிலிர்க்கும். இந்த வகை இசையைத் துண்டாக்கினால் போவது நீளம் மட்டுமல்ல, அந்தச் சிலிர்ப்பும்தான்.

ஹாக்கெட்டின் கிட்டாரில் சஸ்டெயினர் பிக்கப் உண்டு; தந்தியின் அதிர்வு அடங்காமல் பார்த்துக்கொள்ளும் கருவி அது. ‘ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்’ சோலோவில் இடது கை விரல் ஃப்ரெட்டில் அசையாமல் அழுத்தியிருக்க, அந்த உச்ச சுரம் தேயாமல் நீண்டுகொண்டே இருந்தது. அதைத் திரையில் இல்லாமல் நேரில் பார்த்தேன்.

“பழைய ஜெனிசிஸ் ஐவரில் ஹாக்கெட் ஒருவர்தானே, மற்றவர்கள் யாரோ” என்று சொல்பவர்கள் உண்டு. நியாயமான பேச்சுதான். ஹாக்கெட் குழுவின் பாடகர் நாட் சில்வன், ஜெனிசிஸின் முதல் பாடகர் பீட்டர் கேப்ரியலும் இல்லை, அவருக்குப் பின் பாடிய காலின்ஸும் இல்லை. ராப் டவுன்செண்டின் சாக்ஸஃபோன் சில இடங்களில் எனக்கும் ஒட்டவில்லை.

ஜெனிசிஸ் பக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டிரம்ஸ் வாசிக்க முடியாத காலின்ஸ் நாற்காலியில் உட்கார்ந்து, சுருதி இறக்கிய பாடல்களைப் பாடினார். பின்னால் மகன் நிக் அப்பாவின் தாளங்களை வாசித்தார். அதற்கு ஈடாக ஹாக்கெட்டிடம் எதுவும் கிடையாது. 2022 மார்ச் 26, கடைசி நிகழ்ச்சிக்கு பீட்டர் கேப்ரியலே பார்வையாளராக வந்திருந்தார். அன்று நான் இல்லை. நான் போன நாளில் என் இருக்கை மேலடுக்கில். கீழே ஒலி எப்படி இருந்தது என்று நான் தீர்ப்புச் சொல்வது சரியல்ல.

ஜெனிசிஸ் கதை முடிந்துவிட்டது. அதே காலத்து இன்னொரு பிரிட்டிஷ் குழுவான யெஸ்ஸின் ரசிகர்களுக்கு இன்னும் இதே கேள்வி இருக்கிறது: கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் ஹவ் இருக்கும் யெஸ் குழுவா, பேண்ட் கீக்ஸ் என்ற குழுவோடு பாடும் அதன் பழைய பாடகர் ஜான் ஆண்டர்சனா? இரண்டையும் நான் நேரில் கேட்டதில்லை. 18 நிமிடத்துக்கு மேல் ஓடும் யெஸ்ஸின் ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ பாட்டு அந்த வருடப் பட்டியலில் யாரிடம் முழுசாக இருக்கிறதோ, அவருக்குத்தான் டிக்கெட் எடுப்பேன்.