ரிமோட் டீம் லீடு வேலை: அஞ்சு வருஷம் ஓட்டினதுக்கப்புறம் ஒரு புலம்பல்

ஃப்ரெண்ட் ஒருத்தன் போன வாரம் மெசேஜ் போட்டிருந்தான். எட்டு பேர் டீமுக்கு அவனை லீடாக்கப் போறாங்களாம், எட்டு பேரும் எட்டு ஊர்ல, அதுல பாதிப் பேரை அவன் நேர்ல பார்த்ததே கிடையாதாம். "நீதான் அஞ்சு வருஷமா இதையே பண்ணிட்டு இருக்கியே, எப்படிடா இருக்கும், ஒத்துக்கவா"ன்னு கேட்டான். ரெண்டு வரில சொல்லிடலாம்னுதான் உக்காந்தேன், அது இவ்ளோ நீளத்துக்குப் போயிடுச்சு. ஸ்டாண்டப்னா (தினமும் நடக்குற குட்டி மீட்டிங்) என்ன, ஒன்-ஆன்-ஒன்னா (லீடும் டீம்ல ஒருத்தரும் மட்டும் தனியா பேசுறது) என்ன, எந்த சாட் ஆப் நல்லதுன்னெல்லாம் இதுல இருக்காது, அதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

இந்த வேலையில என்னை விடாம கடுப்பேத்துற விஷயம் ஒண்ணே ஒண்ணுதான். சைலன்ஸ். நெட் போறது, பின்னாடி யாராவது டிரில் போடுறது, "நான் பேசுறது கேக்குதா"ன்னு பத்து வாட்டி கேக்குறது, இதெல்லாம் ஆறு மாசத்துல பழகிடும். ஆனா ஒரு பிளானை இருபது நிமிஷம் விளக்கி முடிச்சுட்டு "யாருக்காச்சும் ஏதாச்சும் டவுட் இருக்கா"ன்னு கேட்டதும் ஒரு அமைதி வரும் பாருங்க, அது மட்டும் எனக்கு இன்னிக்கு வரைக்கும் பழகல. ஒரே ரூம்ல இருந்தா ஒருத்தர் புருவத்தைச் சுருக்குவாரு, ஒருத்தர் பக்கத்து ஆளைப் பாப்பாரு, ஒருத்தர் பேனாவை மூடி வெச்சுட்டு பின்னாடி சாஞ்சுக்குவாரு, அந்த அமைதிக்குள்ள என்ன இருக்குன்னு பாதி புரிஞ்சிடும். இங்க ஏழு கறுப்புக் கட்டம், கட்டத்துக்கு ரெண்டு எழுத்து. ஒத்துக்கிட்டாங்களா, பிடிக்கலையா, மியூட்ல பேசிட்டு இருக்காங்களா, வேற டேப்ல மெயில் பாக்குறாங்களா, இல்ல ஆளே எழுந்து போயிட்டாங்களா, எதுவா இருந்தாலும் நமக்குக் கேக்குறது ஒண்ணும் இல்லாதது தான்.

முதல் வருஷம் இது அவங்க தப்புன்னே நினைச்சேன். எல்லாரும் கேமரா போடணும்னு ரூல் போட்டேன். அப்போ ஏழு கட்டத்துலயும் முகம் வந்துச்சு, ஆனா அந்த ஏழு முகமும் தன்னோட முகத்தையே பாத்துக்கிட்டு இருந்துச்சு, நான் உட்பட. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021ல இந்த வீடியோ கால் அசதிக்கு நாலு காரணம் எழுதினாரு, அதுல ஒண்ணு இதேதான், நாள் பூரா கண்ணாடி முன்னாடி உக்காந்திருக்குற மாதிரி நம்ம மூஞ்சியையே பாத்துட்டு இருக்கோம்னு. ரெண்டு மாசத்துல ரூலை நானே சத்தமில்லாம கைவிட்டேன். யாரும் ஏன்னு கேக்கல. அதுவும் சைலன்ஸ்தான்.

அப்புறம் ஒரு நாள் லீவுல இருந்த ஒருத்தருக்கு நோட்ஸ் எழுதிக் குடுக்குறதுக்காக நான் பேசின மீட்டிங் ரெக்கார்டிங்கை நானே போட்டுப் பாக்க வேண்டியதாச்சு. தண்டனை மாதிரி இருந்துச்சு, ஒரு தடவை எல்லா லீடும் இதை அனுபவிக்கணும். "டவுட் இருக்கா"ன்னு நான் கேட்டதுக்கும் "ஓகே, அப்போ அடுத்தது"ன்னு நான் சொன்னதுக்கும் நடுவுல ரெண்டு செகண்ட் கூட இல்ல. அதுவும் பரவால்ல, கீழ ஓரத்துல இருந்த ஒரு கட்டத்துல மைக் சின்னத்துல இருந்த சிவப்புக் கோடு போச்சு, அதாவது ஒருத்தர் பேசறதுக்கு மியூட்டை எடுத்திருக்காரு, நான் "அடுத்தது"ன்னதும் அந்தக் கோடு திரும்ப வந்துடுச்சு. மூணு வாட்டி பின்னாடி இழுத்துப் பாத்தேன். இவ்ளோ நாளா "யாரும் வாயே திறக்க மாட்டேங்குறாங்க"ன்னு எத்தனை பேர்கிட்ட புலம்பியிருக்கேன் தெரியுமா.

அதுக்கப்புறம் இதைப் பத்தியே கொஞ்ச நாள் பைத்தியம் மாதிரி படிச்சேன். சாதாரணமா நேர்ல பேசும்போது ஒருத்தர் முடிச்சு அடுத்தவர் ஆரம்பிக்குற இடைவெளி பெரும்பாலும் 200 மில்லிசெகண்ட் அளவுலதான் இருக்குமாம், 2009ல பத்து மொழியை எடுத்து அளந்து பாத்திருக்காங்க, மொழிக்கு மொழி கொஞ்சம் மாறினாலும் எல்லாத்துலயும் இடைவெளி சின்னதுதான். தொலைபேசி விஷயத்துக்கு தர நிர்ணயம் பண்ற சர்வதேச அமைப்பு ஒரு பக்கமா குரல் போய்ச் சேர 150 மில்லிசெகண்டுக்குள்ள இருக்கணும்னு சொல்லுது. அதுக்கே கேள்வி போக ஒண்ணு, பதில் வர ஒண்ணுன்னு கூட்டிப் பாருங்க, அதுக்கு மேல மவுஸைத் தேடி மியூட் எடுக்குற நேரம். எதிராளி பதில் சொல்ல யோசிக்கவே ஆரம்பிச்சிருக்க மாட்டாரு, நம்ம மூளை "இவருக்கு இஷ்டம் இல்ல"ன்னு முடிவு கட்டிடும். ஜெர்மனில 2014ல பண்ண ஒரு ஆய்வுல லைன்ல வேணும்னே தாமதத்தைக் கூட்டிப் பாத்தாங்க, தாமதம் லைனோடதுன்னாலும் ஜனங்க அதை எதிர்ல பேசுறவரோட குணம்னு எடுத்துக்கிட்டாங்களாம், கவனமே இல்லாத ஆளு, அவ்வளவா சிநேகம் இல்லாத ஆளுன்னு. மேரி பட் ரோன்னு ஒரு அம்மா 1970கள்லயே பள்ளிக்கூடத்துல இதே மாதிரி ஒண்ணைக் கண்டுபிடிச்சிருக்காங்க, டீச்சர் கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு செகண்டுதான் காத்திருக்காங்க, அதை மூணு செகண்டாக்கினா பதிலும் நீளமாகுது, எப்பவும் பேசாத பசங்களும் பேசுறாங்கன்னு. அம்பது வருஷ பழைய விஷயம், எனக்கு யாரும் சொல்லித் தரல.

இப்போ கேள்வி கேட்டதும் என் மைக்கை நானே மியூட் பண்ணிட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுறேன். முதல் தடவை ஆறுல ஒருத்தர் "நீங்க லைன்ல இருக்கீங்களா"ன்னு கேட்டாரு. பரவால்ல, யாரோ பேசினாங்களே.

இனி நல்ல விஷயம் சொல்லணும், இல்லாட்டி நியாயம் இல்ல. நான் எதிர்பாக்காத சந்தோஷம் இந்த வேலையில ஒண்ணு இருக்கு, எழுத்து. அமேசான்ல மீட்டிங் ஆரம்பத்துல எல்லாரும் அமைதியா உக்காந்து ஆறு பக்க டாக்குமென்டைப் படிப்பாங்கல்ல, அதை அப்படியே சின்னதா காப்பி அடிச்சோம், ரெண்டு பக்கம், முதல் பத்து நிமிஷம் படிப்பு, கமெண்டை டாக்குமென்ட்லயே போடணும். அதே ஏழு பேர், அதே அமைதி, ஆனா ஓரத்துல கமெண்ட் ஒண்ணொண்ணா முளைக்குறதைப் பாக்கணுமே! எங்க டீம்ல டெஸ்டிங் பாக்குறவங்க ஒருத்தங்க, கால்ல ரெண்டு வாக்கியத்துக்கு மேல பேசி நான் கேட்டதில்ல, அவங்க முதல் டாக்குமென்ட்ல 14 கமெண்ட் போட்டாங்க. "இந்த பட்டனை ரெண்டு வாட்டி அழுத்தினா ரெண்டு ஆர்டர் போகுமா?"ன்னு ஆரம்பிச்சு ஒவ்வொண்ணும் ஊசி மாதிரி. மூணு வருஷமா அந்த மூளை என் டீம்ல சும்மா மியூட்ல இருந்திருக்கு.

இன்னொண்ணு, முடிவுகளை எழுதி வெக்குற ஃபைல். கிட்லேப்னு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி முழுசும் ரிமோட், அவங்க எப்படி வேலை செய்றாங்கன்னு ஆயிரக்கணக்கான பக்கத்துக்கு எழுதி உலகமே படிக்கிற மாதிரி வெச்சிருக்காங்க. எங்களுக்கு அவ்ளோ பொறுமை இல்ல, ஒரே ஒரு ஃபைல்தான், தேதி, என்ன முடிவு, யார் எடுத்தது, எதை வேண்டாம்னு விட்டோம், ஏன் விட்டோம். கடைசி ரெண்டுதான் முக்கியம். புதுசா சேர்ந்த பையன் மூணு நாள் உக்காந்து அதைப் படிச்சுட்டு "இதை வேண்டாம்னு விட்ட காரணம் இப்போ இல்லையே, திரும்பப் பண்ணலாமே"ன்னு கேட்டான். பழைய ஆளுங்க யாருக்கும் தோணல, எனக்கும்தான்.

ஆனா எழுத்து வந்தா சைலன்ஸ் ஒழிஞ்சிடும்னு நினைச்சீங்கன்னா, இதைக் கேளுங்க. ஒரு டேட்டா மைக்ரேஷன், அதாவது பழைய சிஸ்டத்துல இருக்குற தகவலைப் புதுசுக்கு மாத்துற வேலை. பிளான் எழுதி அனுப்பினேன், எல்லாரும் தம்ஸ்-அப் போட்டாங்க, ஓட்டினோம், மூணு வாரம் கழிச்சு பழைய ரெக்கார்டுல பாதி ஒரு நாள் முன்னாடி தேதியில நிக்குது. ரெண்டு நாள் தூக்கம் போச்சு. ரெட்ரோல (வேலை முடிஞ்சப்புறம் எது சரி, எது தப்புன்னு பேசுற மீட்டிங்) கொஞ்சம் சூடாவே கேட்டேன், "இவ்ளோ பேர் படிச்சீங்களே, ஒருத்தர் கூட ஏன் சொல்லல?" பத்து எண்ணினேன். இருபது கூட எண்ணியிருப்பேன். யாரும் பேசல. அடுத்த நாள் ஒன்-ஆன்-ஒன்ல ஒருத்தர், எனக்கு ராத்திரி ஆகும்போது வேலை ஆரம்பிக்கிறவர், ஒண்ணும் பேசாம சாட்ல ஒரு லிங்க் மட்டும் போட்டாரு. திறந்தா அந்த பிளான் டாக்குமென்ட், ரெண்டாவது ஸ்டெப்ல மூடி வெச்ச ஒரு கமெண்ட். "பழைய ரெக்கார்டுல டைம்ஸோன் காலியா இருக்கு, அப்படியே ஏத்தினா தேதி நகரும்." என் கணக்குல ராத்திரி ரெண்டே முக்காலுக்கு எழுதியிருக்காரு. அதுக்கு கீழ என் பேர்ல "நோட்டட், தேங்க்ஸ்". அதுக்கு கீழ, ரிசால்வ்ட், அதாவது முடிஞ்சதுன்னு மூடியாச்சு, அதுவும் நான்தான். காலைல எழுந்ததும் நோட்டிஃபிகேஷனை எல்லாம் காலி பண்ற வேகத்துல தட்டியிருக்கேன்.

அவரு எல்லார் முன்னாடியும் அந்த லிங்கைப் போட்டிருக்கலாம். போடல. நான் டீம் கால்ல போட்டேன், இது யார் தப்புன்னும் சொன்னேன். அன்னைலேர்ந்து ஒரு ரூல்: கமெண்டை எழுதினவங்கதான் மூடணும், டாக்குமென்ட் ஓனருக்கு அந்த பட்டனைத் தொட உரிமை இல்ல.

சாட் ஆப்ல ஆளு இருக்காருன்னு காட்டுற பச்சைப் புள்ளி பத்தி ரொம்ப பேச மாட்டேன், பேசினா பிபி ஏறும். மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் ஆப்ல அஞ்சு நிமிஷம், ஸ்லாக்ல பத்து நிமிஷம் கை வெக்கலன்னா ஆளு "இல்ல"ன்னு காட்டும், பேப்பர்ல டிசைன் போட்டு யோசிச்சுட்டு இருந்தாலும் சரி. 2022ல மைக்ரோசாஃப்ட் 11 நாட்டுல 20,000 பேர்கிட்ட கேட்டாங்க, ஊழியர்கள்ல 87 சதவீதம் நாங்க நல்லாத்தான் வேலை செய்றோம்னாங்க, மேலதிகாரிங்கள்ல 12 சதவீதம் பேருக்குத்தான் அதுல முழு நம்பிக்கையாம். எங்க மேல ஒருத்தருக்கும் அந்த வியாதி வந்து மவுஸ் அசைவை எண்ணுற ஒரு டூலைக் கொண்டு வந்தாரு. முதல் ரிப்போர்ட்ல டாப்ல இருந்தவர் யாருன்னா, அந்த மாசம் ஒரு டாஸ்க்கும் முடிக்காதவர். மூணாவது மாசம் டூல் போயிடுச்சு.

டைம்ஸோனுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. அமெரிக்கா மார்ச் ரெண்டாவது ஞாயிறு கடிகாரத்தை மாத்தும், ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு. நடுவுல ரெண்டு மூணு வாரம் மீட்டிங் நேரம் எல்லாம் ஒரு மணி நேரம் பிசகி நிக்கும், திரும்ப அக்டோபர் கடைசில ஒரு வாரம். அஞ்சு வருஷத்துல அஞ்சு தடவையும் யாராவது ஒருத்தர் காலி ரூம்ல தனியா உக்காந்திருக்காங்க. ரெண்டு தடவை நான்.

நஷ்டமும் இருக்கு. 2021ல வந்த ஒரு ஆய்வு, மைக்ரோசாஃப்ட்லயே 61,000க்கு மேல ஊழியர்களோட தகவல், எல்லாரும் வீட்டுக்குப் போனதும் அவங்கவங்க குழுவுக்குள்ள நெருக்கம் கூடி வேற குழுவோட தொடர்பு குறைஞ்சிடுச்சுன்னு. என் டீம் அப்படித்தான், எங்களுக்குள்ள அருமை, பக்கத்து டீம் லீடு பேரு எனக்கே சட்டுனு வராது. இன்னொரு பக்கம் டிரிப்.காம்ங்கற பயண கம்பெனில 1,612 பேரை வெச்சுப் பண்ணி 2024ல நேச்சர் அறிவியல் இதழ்ல வந்த ஆய்வு, வாரத்துல ரெண்டு நாள் வீட்லேர்ந்து வேலை குடுத்ததுக்கு ராஜினாமா மூணுல ஒரு பங்கு குறைஞ்சதுன்னு சொல்லுது. அது ஹைபிரிட், கொஞ்ச நாள் ஆபீஸ் கொஞ்ச நாள் வீடு, நம்ம கதை வேற, ஆனாலும் அதைப் படிச்சு சந்தோஷப்பட்டவன்தான் நான்.

சரி, ரேட்டிங். போன மாசம் கேட்டிருந்தா அஞ்சுக்கு நாலு. இன்னிக்கு ரெண்டு. அவனை ஒத்துக்கச் சொல்லிட்டேன், நானும் இதை விட்டுட்டு ஆபீஸ் லீடா போற ஐடியா இல்ல, ஆனாலும் ரெண்டுதான். ஏன்னா திங்கக்கிழமை அந்த டெஸ்டிங் பாக்குறவங்க ராஜினாமா மெயில் அனுப்பினாங்க. ஒவ்வொரு ஒன்-ஆன்-ஒன்லயும் "எப்படிப் போகுது"ன்னு கேட்டேன், ஒரு வருஷமா "நல்லாப் போகுது"ன்னுதான் சொன்னாங்க, நானும் குறிச்சுக்கிட்டேன். கால்ல பேச மாட்டாங்க, எழுதினாதான் வரும்னு இந்த உலகத்துல எனக்கு மட்டும்தான் நல்லாத் தெரியும், அவங்ககிட்ட மட்டும் வாயாலயே கேட்டுட்டு இருந்திருக்கேன். மெயில் ரொம்ப நேர்த்தியா இருக்கு, நாலு காரணம், ஒவ்வொண்ணுக்கும் தேதி, எதை சரி பண்ணியிருக்கலாம்ங்கறது வரைக்கும். ரெண்டாவது காரணத்துல என் பேர் இருக்கு.

மூணு நாளாச்சு, ரெண்டு தடவை எழுதி அழிச்சுட்டேன், இன்னும் பதில் போடல.