லேப்டாப்பில் செருகும் ரேடியோ: சில ஆண்டுப் பழக்கத்துக்குப் பிறகு

இணையம் வந்து வந்து போகும் ஒதுக்குப்புறத்தில் இருப்பவர்களுக்கு, யுஎஸ்பியில் செருகி ரேடியோ அலைகளைப் பிடிக்கும் சிறு கருவியான ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளைத் தயங்காமல் வாங்கச் சொல்வேன். கொடுக்கும் காசுக்கு மேலேயே உழைக்கிறது.

டிஜிட்டல் டிவி பார்க்கச் செய்த பொருள் இது. உள்ளிருக்கும் ஆர்டிஎல்2832யு சிப், பிடித்த அலையை அப்படியே கணினிக்குக் கொடுக்கும் என்று 2012-இல் பரவலாகத் தெரிய வந்தது. அப்புறம் மீதி வேலையை மென்பொருள் எடுத்துக்கொண்டது. ஆர்820டி2 டியூனர் (கேட்க வேண்டிய அதிர்வெண்ணைப் பிடிக்கும் சிப்) இருந்தால் சுமார் 24 முதல் 1,766 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கலாம். பண்பலை, 1,090-இல் விமானங்கள், 162 பக்கம் கப்பல்கள் அனுப்பும் இருப்பிடத் தகவல் எல்லாம் அதில் அடக்கம்.

ஆனால் தொலைதூர நிலையங்கள் வருவது சிற்றலையில், அதாவது 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸில். அதற்கு டியூனரைத் தாண்டி அலையை நேரே சிப்புக்குக் கொடுக்கும் டைரக்ட் சாம்ப்ளிங் வசதியோ, சிற்றலையை டியூனர் பிடிக்கும் உயரத்துக்கு ஏற்றித் தரும் அப்-கன்வர்ட்டரோ வேண்டும். நான் அப்-கன்வர்ட்டர் பக்கம். டைரக்ட் சாம்ப்ளிங்கில் அலையை அளக்கும் வேகம் 28.8 மெகாஹெர்ட்ஸ் என்பதால், வடிகட்டி இல்லாவிட்டால் 10-இல் இருக்கும் நிலையம் 18.8-லும் போலியாகத் தலைகாட்டும்.

ஊரை விட்டுத் தள்ளியிருப்பது இதில் பெரிய வரம். அக்கம்பக்கத்து எல்இடி விளக்கு, இன்வெர்ட்டர் இரைச்சல் இல்லாததால் மெலிந்த நிலையமும் எழுந்து வரும். மிஞ்சும் எதிரி நம் சார்ஜர்தான். அதைப் பிடுங்கிய நொடியில் திரையில் ஓடும் இரைச்சல் கோடுகள் மறைந்து, அடியில் புதைந்திருந்த குரல் தெளிவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சோலார் சார்ஜ் கன்ட்ரோலரும் இதே தொல்லை தரலாம். டாங்கிளை நேரடியாகச் செருகாமல் ஒரு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்பு வயரில் தள்ளி வையுங்கள். மரத்துக்கு இழுத்துக் கட்டிய பத்து மீட்டர் கம்பி, கூடவே வரும் குட்டி ஆன்டெனாவைவிடச் சிற்றலைக்குப் பல மடங்கு மேல். கெயினை, அதாவது அலையைப் பெருக்கும் அளவை, கையால் வையுங்கள். அலையை அவ்வளவு நுணுக்கமாக அளக்காத 8 பிட் கருவி என்பதால் பலமான ஒரு நிலையம் வந்தாலே மற்றதெல்லாம் அமுங்கிவிடும்.

டாங்கிள் தொட்டால் சுடும்; பயப்பட வேண்டாம். ஆன்டெனாவை அழுத்திச் செருகும் எம்சிஎக்ஸ் இணைப்பு நாளடைவில் தளர்கிறது, திருகி மாட்டும் எஸ்எம்ஏ உள்ளதே மேல். டிசிஎக்ஸ்ஓ (வெப்பம் மாறினாலும் அதிர்வெண்ணை நிலையாக வைக்கும் பாகம்) இல்லாத மலிவு மாடலில் சூடேறும்வரை அதிர்வெண் நகர்ந்துகொண்டே இருக்கும்.

பேட்டரியைத் தின்பது டாங்கிளைவிட லேப்டாப்தான். சாம்பிள் ரேட்டை (நொடிக்கு எத்தனை முறை அலையை அளக்கிறது என்பதை) குறைத்தால் கொஞ்சம் மிச்சமாகும். நொடிக்கு 2.4 மெகாசாம்பிளில் (24 லட்சம் அளவீடு) மூல அலையைப் பதிவு செய்தால் மணிக்கு 17 ஜிபி போய்விடும், கவனம். செய்தி கேட்க மட்டும்தான் என்றால் பேட்டரி போடும் சிறிய சிற்றலை ரேடியோவே போதும்.

என்னைக் கட்டிப்போட்டது வானிலைச் செயற்கைக்கோள். அமெரிக்காவின் நோவா 15, 18, 19 மூன்றும் 2025-இல் நிறுத்தப்பட்டுவிட்டன. ரஷ்யாவின் மீட்டியார் இன்னும் 137 மெகாஹெர்ட்ஸ் பக்கம் படம் அனுப்புகிறது. இணையமே இல்லாமல், தலைக்கு மேல் கடந்து போகும்போதே மேகப் படம் வரிவரியாகத் திரையில் இறங்கும். டிரைவர், மென்பொருள், செயற்கைக்கோள் பாதைத் தரவு மூன்றையும் இணையம் இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பாதைத் தரவு சில வாரங்களில் பழசாகிவிடும். சிக்னல் கிடைக்கும்போதெல்லாம் புதுப்பியுங்கள்.