போல்டர் தரும் விண்வெளி வானிலை: சிற்றலை நேயர் ஒருவரின் மதிப்பீடு

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போல்டர் நகரிலிருந்து இயங்கும் விண்வெளி வானிலை முன்னறிவிப்பு மையத்தின் இணையச் சேவையை, சிற்றலை வானொலி கேட்பவன் என்ற முறையில் சில ஆண்டுகளாக அன்றாடம் பார்த்துவருகிறேன். சூரியனின் சீற்றம் பூமியைச் சுற்றியுள்ள வெளியில் உண்டாக்கும் மாற்றங்களே விண்வெளி வானிலை. சேவைக்குக் கட்டணம் இல்லை, விளம்பரமும் இல்லை. மூன்று நாள் முன்னறிவிப்பு உலகப் பொதுநேரம் 00.30 மணிக்கும் 12.30 மணிக்கும் வெளியாவதால், நமக்கு அது காலை, மாலை ஆறு மணிக் காப்பியோடு வந்துசேர்கிறது. முகப்பிலுள்ள ஆர், எஸ், ஜி என்னும் மூன்று கட்டங்கள் வானொலித் தடை, கதிர்வீச்சுப் புயல், புவிகாந்தப் புயல் ஆகியவற்றை 1 முதல் 5 வரை தரப்படுத்திக் காட்டுகின்றன.

நான் அதிகம் நம்புவது எக்ஸ் கதிர் வரைபடத்தைத்தான். கோஸ் எனப்படும் அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்களின் அளவீடு நிமிடத்துக்கு நிமிடம் அதில் ஏறுகிறது. 2024 மே 10 அன்று நண்பகலில் 14 மெகாஹெர்ட்ஸில் கேட்டுக்கொண்டிருந்த குரல்கள் ஒவ்வொன்றாக அமுங்கிப்போக, ஆண்டெனா இணைப்பைத் திருகிப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்தைத் திறந்தேன். கோடு செங்குத்தாக ஏறியிருந்தது. சூரியனில் திடீரென எழும் வெடிப்பான சூரியச் சுடரின் எக்ஸ் கதிர் மேல்வளிமண்டலத்தைத் தாக்கினால், சிற்றலைகள் அங்கே உறிஞ்சப்பட்டு மங்கிவிடும். எக்ஸ் என்னும் மிக வலிய வகையைச் சேர்ந்த, எக்ஸ்3.9 அளவிலான அந்தச் சுடர் நம் நேரப்படி 12.24 மணிக்கு உச்சம் தொட்டது, அதாவது ஏறக்குறைய நம் தலைக்கு மேல் சூரியன் நின்ற வேளையில். இந்த வரைபடத்தில் ஒரு கட்டம் மேலே போனால் அளவு பத்து மடங்கு என்பதைப் புதியவர்கள் கவனிக்கத் தவறிவிடுவதுண்டு. சுடரின் ஒளியும் எக்ஸ் கதிரும் சேர்ந்தே எட்டு நிமிடச் சொச்சத்தில் வந்துவிடுவதால், சுடரைப் பொறுத்தவரை இந்தச் சேவை முன்கூட்டித் தருவது நிகழ்தகவுச் சதவீதத்தை மட்டுமே. மற்றதெல்லாம் நேர்முக வர்ணனை.

புவிகாந்தப் புயலில்தான் மையத்தின் உழைப்பு தெரிகிறது. சூரியன் உமிழும் பிளாஸ்மா மேகம் பூமியை அடைய ஒன்று முதல் மூன்று நாள் ஆகும் என்பதால் கணிக்க அவகாசம் இருக்கிறது. 2024 மே 9 அன்று, 2005க்குப் பிறகு முதன்முறையாக ஜி4 நிலைக்கான முன்னெச்சரிக்கையை வெளியிட்டார்கள். மறுநாள் வந்ததோ ஜி5, 2003 அக்டோபருக்குப் பின் முதலாவது. லடாக்கின் ஹான்லேயில் துருவ ஒளியால் வானம் சிவந்தது அந்த இரவில்தான். ஒரு படி குறைத்துக் கணித்தது குறையன்று என்பேன். மேகத்தின் காந்தப்புலம் தெற்கு நோக்கியிருந்தால்தான் புயல் வலுக்கும். அது தெற்கு நோக்கியதா வடக்கு நோக்கியதா என்பதை, மேகம் பூமிக்கு 15 லட்சம் கிலோமீட்டர் முன்னால் நிற்கும் விண்கலங்களைத் தொடும்போதுதான் உறுதியாக அறிய முடியும். அதன்பின் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு.

எனக்குள்ள மனக்குறை, புவிகாந்தப் புலத்தின் கலக்கத்தை 0 முதல் 9 வரை அளக்கும் கேபி குறியீட்டைப் பற்றியது. மூன்று மணி நேரத்துக்கு ஒன்றாகத் தரப்படும் அந்த எண், முதன்மையாக நடு அட்சரேகை நிலையங்களின் அளவீடுகளிலிருந்து பிறப்பது. புவியின் காந்தப்புலம் கிடைமட்டமாக அமையும் காந்த நடுக்கோடோ திருநெல்வேலிக்கு அருகே செல்கிறது. அங்கு மேல்வளிமண்டலத்தில் ஓடும் மின்னோட்டத்துக்குத் தனிப் போக்கு உண்டு. எனவே கேபி 7 என்று கண்டதும் நம் பகுதியின் நிலையை அதிலிருந்தே முடிவுசெய்ய இயலாது. தாழ் அட்சரேகை நிலையங்களைக் கொண்டு ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகம் வெளியிடும், புவிகாந்தப் புயலின் வலிமையைக் காட்டும் டிஎஸ்டி குறியீட்டுப் பக்கத்தையும் ஆகவே பக்கத்துத் தாவலில் திறந்தே வைத்திருக்கிறேன்.