தோட்டப் பாதை அமைத்துத் தருவோரிடம் முழுத் தொகையையும் கொடுத்துவிடாதீர்கள்

கோவையில் எங்கள் வீட்டின் பின்புறத்து வேப்பமரத்தடியில் உட்கார ஒரு கல்மேடையும், சமையலறை வாசலிலிருந்து அதுவரை இருபுறமும் செடி நட்ட நடைபாதையும் அமைக்க ஒரு தோட்ட ஒப்பந்ததாரரிடம் வேலையை ஒப்படைத்து ஏமாந்தோம். நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளித்திருப்பதால் அவர் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. அவர் செய்தவற்றில் பெரும்பாலானவை மண்ணுக்கடியில் மறைந்திருந்தவை என்பதால், இப்படியொரு வேலை கொடுக்கவிருப்பவர்கள் எங்கே பார்க்கவேண்டும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

ஜல்லியும் கிரஷர் தூளும் 4 அங்குலக் கனத்துக்குப் பரப்பி, தண்ணீர் தெளித்து, இயந்திரத்தால் இடித்து இறுக்கிய பிறகே கடப்பைக் கல் பதிக்கப்படும் என்று மதிப்பீட்டுத் தாளில் எழுதியிருந்தது. ஐப்பசி மழையில் கற்கள் பக்கவாட்டில் சாய்ந்து, மிதித்தால் இடுக்குகளில் சேறு பீறிட்டது. "மழைக்கு மண்ணு இறங்கத்தானுங்க செய்யும்" என்றார். ஒரு கல்லைக் கடப்பாரையால் நெம்பிப் பார்த்தபோது, அடியில் விரற்கடை அளவு எம்-சாண்டும், அதற்குக் கீழே புல்லைக்கூடச் செதுக்காத தோட்டமண்ணும்தான் இருந்தன. வயதான தாயார் நடப்பதற்காகச் சொரசொரப்பான கல்லைக் கேட்டிருந்தோம். பதித்ததோ மழையில் வழுக்கும் பாலிஷ் கல்.

செடிகளில் நடந்தது இன்னும் மோசம். பாதையோரத்து இட்லிப்பூவும் நந்தியாவட்டையும் தண்ணீர் விட விட வாடியதால் ஒன்றைத் தோண்டினோம். கறுப்புப் பாலிதீன் கவரைக் கிழிக்காமல் அப்படியே குழியில் இறக்கி மண்ணை மூடியிருந்தார்கள். வேறு சிலவற்றில் வேரே அதிகமில்லை. தரையிலிருந்து பெயர்த்து, விற்பதற்காக அண்மையில் கவரில் அடைத்தவை அவை. கவரின் அடித்துளைகளில் வேர் எட்டிப் பார்க்கிறதா, கவரைப் பிரித்தால் மண்கட்டி உதிராமல் நிற்கிறதா என்று வண்டியிலிருந்து இறக்கும்போதே பார்த்துவிடுங்கள். நல்ல வெயில் கேட்கும் கொரியன் புல்லை மர நிழலில் விரித்துப் பணம் வாங்கியதைத் தொழில் தெரியாமை என்று என்னால் நம்ப முடியவில்லை.

எனக்கு ஆறாத வருத்தம் வேப்பமரம்தான். மேடைக்காகப் பக்கவேர்களை வெட்டி, அடிமரத்தை ஒட்டியே கான்கிரீட் போட்டுவிட்டார்கள். மரங்களைச் சுற்றி 1 மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் டெல்லி அமைப்புகளுக்கு உத்தரவிட்டது. அது டெல்லிக்கானது என்றாலும், வேருக்கு நீரும் காற்றும் வேண்டும் என்ற காரணம் எந்த ஊர் மரத்துக்கும் பொருந்தும். கான்கிரீட்டை உடைத்தெடுத்துவிட்டோம், ஆனாலும் வேர் வெட்டிய பக்கத்துக் கிளைகளில் இலை குறைந்துகொண்டே வருகிறது.

அடித்தளத்தை நீங்கள் பார்த்த பிறகே கல் பதிக்கவேண்டும் என்றும், ஒரு பகுதித் தொகை மழைக்காலம் கழிந்த பின்னரே தரப்படும் என்றும் எழுத்தில் வாங்குங்கள். மறுப்பவருக்கு வேலையைக் கொடுக்கவேண்டாம். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் வழி கேட்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமின்றிப் புகார் அளிக்கலாம். 2 ஆண்டுகளுக்குள் அளித்துவிடவேண்டும். கோபத்தில் எல்லாவற்றையும் பெயர்த்தெறிவதற்கு முன், நெம்பிய கல்லின் அடிப்பகுதியையும் கவரோடு வந்த செடியையும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, மதிப்பீட்டுத் தாளோடும் பணம் செலுத்திய ரசீதுகளோடும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.