அம்மா மூன்று மாதம் தங்கிய பராமரிப்பு இல்லம்: பகலும் இரவும்

சென்ற ஆடி மாதத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த என் அம்மாவை, அறுவைச் சிகிச்சைக்குப் பின் எங்கே வைத்துப் பார்த்துக்கொள்வது என்பதே எங்களுக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. அவருக்கு வயது 78. பழைய வண்ணாரப்பேட்டையில் நாங்கள் இருப்பது முதல் மாடியில். படிக்கட்டு அவ்வளவு குறுகலானது. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். எனவே திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு தெருவில் உள்ள தனியார் பராமரிப்பு இல்லத்தில் அவரைச் சேர்த்தோம். பெயரை எழுதாமல், கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

‘முதியோர் இல்லம்’ என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பிடுபவை உண்மையில் வெவ்வேறானவை. பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கமும் கோவையிலும் கட்டப்படும் மூத்த குடிமக்கள் குடியிருப்புகள், தாமாக நடமாடக்கூடியவர்கள் சமையல் கவலையின்றி வாழ்வதற்கானவை. குளிக்கவும் உடுத்தவும் ஒரு கை தேவைப்படுபவர்களுக்கு உதவியுடன் கூடிய இல்லம் வேண்டும். படுக்கையிலேயே இருப்பவர்களுக்குச் செவிலியர் உள்ள இடம் வேண்டும். மறதி நோய் உள்ளவர்களுக்கோ அதற்கெனப் பயிற்சி பெற்ற ஆட்களும் பாதுகாப்பான கட்டடமும் வேண்டும். தென்சென்னையில் இன்னும் வசதியான இடங்கள் கிடைத்தன என்றாலும், காலடிப்பேட்டையில் இருக்கும் சித்தி நினைத்தபோது வந்து பார்க்க வேண்டும், பௌர்ணமியன்று வடிவுடையம்மன் கோயில் பிரசாதம் கைக்கு வர வேண்டும் என்று அம்மா விரும்பியதால் வடக்கே தேடினோம்.

பகலில் இந்த இல்லத்தில் குறை சொல்ல அதிகமில்லை. கழிப்பறையில் இருபுறமும் கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, கால் தரையில் படும் உயரத்தில் கட்டில் எல்லாம் இருந்தன. வாரம் நான்கு நாள் பிசியோதெரபி அளித்த பெண், வலிக்கு அஞ்சி அழுத அம்மாவிடம், “பாட்டி, இன்னைக்கு ஜன்னல் வரைக்கும் போதும், நாளைக்கு வாசல்” என்று பேசிப் பேசியே வாக்கரைப் பிடிக்க வைத்ததை நான் மறக்க மாட்டேன். அந்தப் பொறுமைக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

இரவுதான் வேறு. 11 பேர் படுத்திருக்கும் தளத்துக்கு இரவில் ஒரே ஓர் ஆயா. இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் அம்மா என் மனைவியிடம் மட்டும், “ராத்திரி மணி அடிச்சிக்கிட்டே இருந்தேம்மா, அந்தப் பொண்ணு வர்றதுக்குள்ள பொடவையெல்லாம் நனைஞ்சு போச்சு” என்று தலைகுனிந்து சொல்லியிருக்கிறார். அந்த ஆயா தூங்கவில்லை. அடுத்த அறையில் வேறொருவருக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தார்.

அதே வாரத்தில் அம்மாவின் வால் எலும்புப் பகுதியில் தோல் சிவந்திருந்தது. தானாகப் புரள முடியாதவர்களை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால், அழுத்தத்தால் ரத்த ஓட்டம் தடைப்பட்டுப் படுக்கைப்புண் உண்டாகும். கட்டிலின் காலடியில் அதற்கென ஓர் அட்டவணை தொங்கியது. எல்லாக் கட்டத்திலும் கையொப்பம் இருந்தது. ஒரு நாள் முன்னறிவிப்பின்றி விடிகாலை ஐந்தரை மணிக்குச் சென்றேன். ஆறு மணிக்கான கட்டத்திலும் கையொப்பம் ஏற்கெனவே இடப்பட்டிருந்தது. மேலாளரிடம் அதைக் காட்டிப் பேசிய பிறகு, அவர் மறுக்காமல் ஏற்றுக்கொண்டு, நான்கு நாளில் இரண்டாவது ஆளை இரவுப் பணிக்கு அமர்த்தினார். சிவப்பும் புண்ணாகாமல் ஆறியது. இல்லம் பார்க்கச் செல்பவர்கள் தோட்டத்தையும் தொலைக்காட்சியையும் பார்ப்பதற்கு முன், இரவில் ஒரு தளத்துக்கு எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்; இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒருமுறையாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

கட்டணம் மாதம் 30,000 ரூபாய் என்றார்கள். டயப்பர், மருந்து, பிசியோதெரபி, மருத்துவமனைக்குச் செல்ல வண்டி எல்லாம் தனி என்பது முதல் ரசீதில்தான் தெரிந்தது. இவற்றை முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

இடையில் மருத்துவ ஆலோசனைக்காக அம்மாவைக் கிண்டியில் 2024-இல் திறக்கப்பட்ட, 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். விம்கோ நகரிலிருந்து வரும் மெட்ரோ வழியிலேயே கிண்டி இருப்பதால், தண்டையார்பேட்டையில் லிஃப்ட் வழியாக நடைமேடைக்குச் சென்று, வண்டி மாறாமல் போய்விட்டோம். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தவிப்பவர்கள், மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற இலவச உதவி எண்ணையும் அழைக்கலாம்.

அறுவைச் சிகிச்சைக்குப் பின் சில மாதங்கள் தேறிவர வேண்டியவர்களுக்கு, இரவுப் பணியில் இருவர் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, இந்த இல்லத்தைப் பரிந்துரைப்பேன். மறதி நோய் உள்ளவர்களை இங்கே சேர்க்கச் சொல்ல மாட்டேன்: பகலில் வாசல் கதவு திறந்தே கிடக்கிறது, அதைத் தாண்டினால் கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலை.