எனர்ஜி செகரெட்டரி சீட்டுக்கு யாரு, விஞ்ஞானியா அரசியல்வாதியா?

அமெரிக்கால எனர்ஜி செகரெட்டரினா, அதாவது எரிசக்தி மந்திரினா, பெட்ரோல், கரண்ட் பாக்குற ஆளுனு தான் நெனப்போம், ஆனா அந்தத் துறை பட்ஜெட்ல பெரும்பங்கு அணுகுண்டு பராமரிப்புக்கும் பழைய அணுக்கழிவ சுத்தம் பண்றதுக்கும் போகுது. 2009ல வந்த ஸ்டீவன் சூ, 1997ல பிசிக்ஸ் நோபல் வாங்குனவரு, 2010ல மெக்சிகோ வளைகுடால எண்ணெய்க் கிணறு வெடிச்சப்ப, கடலடில இருக்குற வால்வுக்குள்ள என்ன ஆச்சுனு காமா கதிர் விட்டு பாருங்கனு ஐடியா குடுத்தாரு.

2017ல வந்த ரிக் பெர்ரி நேர் எதிர், அரசியல்வாதி. 2011ல ஜனாதிபதி வேட்பாளர் போட்டிக்கான டிபேட்ல மூணு துறைய மூடுவேன்னு சொல்லிட்டு மூணாவது பேர மறந்து முழிச்சாரே, அது இதே துறை தான்! ஆனா அவரு டெக்சாஸ் கவர்னரா இருந்தப்ப தான் அங்க காத்தாலை எக்கச்சக்கமா வந்துச்சு, மேற்குல இருந்து கரண்ட் கொண்டுவர நீள லைனும் இழுத்தாங்க, அதுக்கு நிலம், காசு, சண்டைனு எல்லாத்தையும் சமாளிக்கணும், பார்முலா மட்டும் போதாது. குண்டு விஷயத்துல மட்டும் நான் சூ பக்கம்.